லாடமும் சலங்கையும்

புதிதாக ஒரு பொருளை வாங்கியவன் முதல் வாரம் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறான். இரண்டாவது வாரம் ஊராருக்குக் காட்டுகிறான். மூன்றாவது வாரம் அதில் என்ன குறை என்று தேடத் தொடங்குகிறான். வீடாயிருந்தால் சுவரை இடிப்பான். கடிகாரமாயிருந்தால் வாரை மாற்றுவான். மோட்டார் வண்டியாயிருந்து, அதிலும் இரண்டே கதவு வைத்து, கூரையைத் தாழ்த்தி, பின் ஆசனத்தைப் பெயருக்கு ஒட்டவைத்த ‘ஸ்போர்ட்ஸ் கூபே’யாயிருந்துவிட்டால், அவனுடைய சம்பளம் போகிற வழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நமக்கும் அத்தகைய வண்டி ஒன்று உண்டு. பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு எதற்கு இந்த வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி வீட்டில் ஏற்கனவே பல தடவை கேட்கப்பட்டுவிட்டது. உத்தியோக நிமித்தம் நாம் ஸிட்னி நகரத்தின் மேற்குப் பகுதியில் வசிக்கிறோம். பையன்களுக்குப் பௌதிக சாஸ்திரம் போதிப்பது நம் தொழில். தினந்தோறும் பள்ளிக்குப் போய்வருவதும், சனிக்கிழமை கறிகாய் வாங்குவதும் எல்லாம் இந்த வண்டியில்தான். நம் தமக்கையின் புதல்வன், இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, நம்மைப் பார்த்துத்தான் தானும் அதே மாதிரி வண்டியைப் பழைய விலைக்கு வாங்கினான். ஆகையால் அவன் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டு.

வண்டியின் பெயர் டொயோட்டா 86. இந்தத் தலைமுறை வண்டி 2012-ல் விற்பனைக்கு வந்தது. டொயோட்டாவும் சுபாருவும் கூடிச் செய்தது. எஞ்சின் சுபாருவினுடையது, நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல் இருபுறமும் படுத்திருக்கும். அதனால் பாரம் தாழ்வாக அமைகிறது. கொள்ளளவு 1998 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் விட்டமும் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீட்டர். குதிரை சக்தி 200. இந்தக் காலத்தில் இது பெரிய சக்தியல்ல. ஆனால் வண்டியின் எடை சுமார் 1,250 கிலோதான். எஞ்சினின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. பெயரும் வெறும் எண் அல்ல. 1983-ல் வந்த கொரோலா வகை ஒன்றின் தொழிற்சாலைக் குறியீடான ஏஇ86-ஐ நினைவூட்டுவது.

இதில் ஒரு வேடிக்கை. வேகத்துக்கென்று செய்த இந்த வண்டிக்குத் தொழிற்சாலையில் போட்ட மிஷெலின் டயர், பெட்ரோலை மிச்சப்படுத்தப் பேர்போன டொயோட்டா பிரியஸ் வண்டிக்கும் போடப்பட்ட ரகம்! இது கஞ்சத்தனம் அல்ல. தலைமை எஞ்சினீயரான டாடா டெட்சுயா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார். பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தால், மிதமான வேகத்திலேயே வண்டியின் எல்லை ஓட்டுகிறவனுக்குத் தெரிய வரும். மெதுவாக நழுவும், நழுவப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு நழுவும். வண்டியின் ருசியே அதுதான். இதை மருமகப் பிள்ளைக்கு நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். பின்னால் அவன் இதையே நமக்கு எதிராகத் திருப்பினான் என்பது வேறு கதை.

2024 ஜூன் மாதம். நம் ஊரில் ஆனி மாதக் காற்று வீசும்போது ஸிட்னியில் குளிர்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பிள்ளையாண்டான் தன் தாயாரை ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். தெருமுனையிலிருக்கும் வட்டச் சந்திப்பைச் சுற்றும்போது வண்டியின் பின்புறம் சொல்லாமல் கொள்ளாமல் விலகி, அரை வட்டம் அடித்து, நடைபாதைக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வேகம் அதிகமில்லை என்று அவன் சத்தியம் செய்தான், நாமும் நம்புகிறோம். சறுக்கலைத் தானாகத் தடுக்கும் கருவி ஒன்று அந்த வண்டியில் உண்டு; பழக்கத்துக்காக அதை அணைத்து வைத்திருந்தானாம். எவருக்கும் காயமில்லை. தூக்கில் இருந்த ரசம் மட்டும் தமக்கையின் மடியில் ஊற்றிக்கொண்டது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, சமையலறையில் நம்மைத் தனியாகக் கண்டபோது மட்டும், “நீ சொன்னால் கேட்பான்டா, தம்பி” என்றாள்.

நாம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் டயரைப் பார்த்தோம். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம். இவனுடையதில் 1816 என்று இருந்தது. 2016-ம் வருஷம் பதினெட்டாவது வாரத்தில் பிறந்த டயர். எட்டு வயது! ரப்பர் காய்ந்து கொட்டாங்கச்சி போல் ஆகியிருந்தது. பள்ளத்தின் ஆழம் இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். ஆஸ்திரேலியச் சட்டத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். ஆகவே சட்டப்படி குற்றமில்லை. புது டயரில் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் இருக்கும். மழைத் தண்ணீரை அந்தப் பள்ளங்கள்தான் வாரி வெளியே தள்ள வேண்டும்.

அன்று சாப்பாட்டுக்குப் பின் பையன் ஒரு பட்டியலை நம் முன் விரித்தான். நாலாயிரம் டாலர் சேர்த்து வைத்திருந்தான். சைலன்ஸர் மாற்றுவது, காற்று வடிகட்டியை மாற்றுவது, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், பெரிய சக்கரம், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதற்குழாய் என்று வரிசையாக எழுதியிருந்தான். அடியில் பென்சிலால், ‘பிற்பாடு சூப்பர்சார்ஜர்’ என்று ஒரு குறிப்பு. டயர் என்ற சொல் பட்டியலில் எங்குமே இல்லை.

“லாடம் தேய்ந்த குதிரைக்குச் சலங்கை வாங்கப் போகிறாயா?” என்றோம்.

“டயர் தேய்ந்தால் எல்லாரும்தான் மாற்றுகிறார்கள், மாமா. அதைப் போய் வண்டியை முன்னேற்றுவது என்று சொல்லலாமா?” என்றான்.

இந்தத் தகராறு இந்தப் பையனுடையது மட்டுமல்ல. இத்தகைய வண்டி வைத்திருக்கும் அநேகரின் எண்ணம் இதுவே. கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும்தான் முன்னேற்றம். மற்றதெல்லாம் பராமரிப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். நம் கருத்து நேர் எதிரானது. எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும், பிரேக் எவ்வளவு அழுத்தினாலும், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும், அவ்வளவும் ஆளுக்கு ஓர் உள்ளங்கை அளவு தரையைத் தொடும் நான்கு ரப்பர் துண்டுகள் வழியாகத்தான் ரஸ்தாவைச் சென்றடைய வேண்டும். புறப்படுவது, திரும்புவது, நிற்பது என்ற மூன்று காரியத்தையும் ஒருமிக்க மேம்படுத்தும் சாமான் உலகத்தில் டயர் ஒன்றுதான்.

பட்டியலை எடுத்துக்கொள்வோம். சைலன்ஸரை மட்டும் மாற்றினால் சத்தம் வரும். சக்தி வருவது அற்பம். சத்தம் தேவை என்பதைத் தொழிற்சாலைக்காரர்களே யோசித்து, எஞ்சின் காற்று இழுக்கும் ஓசையை உள்ளே கொண்டுவர ஒரு குழாயே வைத்திருக்கிறார்கள். காற்று வடிகட்டி விஷயமும் அப்படித்தான். திறந்த வடிகட்டியை எஞ்சின் அறைக்குள் வைத்தால் அது வெந்த காற்றையே இழுக்கும். வெந்த காற்றில் பிராணவாயு அடர்த்தி குறைவு. பெரிய சக்கரம் பெரும்பாலும் அதிகப் பாரம். கண்ணுக்கு அழகு, எஞ்சினுக்குச் சுமை. ஸ்பிரிங்கைத் தாழ்த்தினால் சக்கரம் மேலும் கீழும் போகிற இடம் குறைந்து, பள்ளத்தில் விழும்போது தடுப்பு ரப்பரில் போய் ‘டமால்’ என்று இடிக்கும். அதற்கேற்ற ஷாக் அப்ஸார்பரும் சேர்த்து மாற்றினால் ஒழிய அது அழகுக்குச் செய்த செலவுதான். அம்மா ஏறுகிற வண்டியாயிற்றே என்று ஞாபகப்படுத்தினோம்.

சூப்பர்சார்ஜரைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. இந்த எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் பன்னிரண்டரை மடங்கு அழுத்துகிறது. அதன் மேல் இன்னும் காற்றைத் திணிக்க வேண்டுமானால் எரிபொருள் கணக்கு, கிளட்ச், குளிர்விக்கும் ஏற்பாடு எல்லாம் சரியாயிருக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போக ஒரே வண்டி வைத்திருப்பவனுக்கு அது முதற்காரியம் ஆகாது.

ஆனால் பட்டியலில் ஒன்றை மட்டும் நாம் தள்ளவில்லை. நிமிஷத்துக்குச் சுமார் 3,500 சுற்றிலிருந்து 4,500 வரை இந்த எஞ்சினின் இழுப்பில் ஒரு தொய்வு உண்டு. மேட்டில் ஒருவரை முந்தப் போகும் சமயத்தில் எஞ்சின் சற்று யோசிப்பது போலத் தோன்றும். அந்த முதற்குழாயை மாற்றி, எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்கையும் திருத்தினால் தொய்வு பெரும்பாலும் நிரம்பிவிடும். டொயோட்டாக்காரர்களே 2021-ல் வந்த அடுத்த தலைமுறையில் 2.4 லிட்டர் எஞ்சின் வைத்து இந்தக் குறையைப் போக்கினார்கள். ஆகவே பையன் சொன்னது நியாயந்தான். ஆனால் இந்த வண்டியில் புகையைச் சுத்தி செய்யும் காடலிடிக் கன்வெர்ட்டர் அந்தக் குழாயோடு சேர்ந்தே இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் குழாய்கள் பலவற்றில் அது இல்லை. அதைப் போட்டு ரஸ்தாவில் ஓட்டுவது சட்ட விரோதம், ஊர்க்காற்றுக்கும் துரோகம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்து நேரும்போது அவர்கள் கையை விரிக்கவும் கூடும்.

அடுத்தது பிரேக். இதைப் பற்றி நம் நண்பர்கள் யாருமே பேசுவதில்லை. ஸிட்னிக்கு மேற்கே நீலமலைத் தொடரைக் கடக்கும் பெல்ஸ் லைன் ரஸ்தாவில், குராஜாங் ஹைட்ஸிலிருந்து கீழே இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இறக்கத்தில் வண்டியின் வேகம் முழுவதும் பிரேக்கில் உஷ்ணமாக மாறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அடக்க வேண்டிய சக்தியோ முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இது நாம் கரும்பலகையில் வருஷந்தோறும் எழுதும் கணக்கு. மிதியை அழுத்தும்போது அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது பிரேக் ஆயில். அதற்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு. டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கு 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. வித்தியாசத்தைப் பாருங்கள்! கொதித்தால் ஆவி உண்டாகும்; ஆவியை அழுத்தினால் சுருங்கும். அப்போது மிதி, சேற்றில் கால் வைத்தது போல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஆயிலை மாற்றினால் இந்தப் பயம் இல்லை. பையன் வண்டி வாங்கி ஒன்றரை வருஷம். அதற்கு முன் எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டே கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் அவன் நம்மை மடக்கினான்.

“பிடிப்புக் குறைந்த டயரை வேண்டுமென்றே போட்டார்கள், அதுதான் ருசி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது நல்ல பிடிப்புள்ள டயர் வாங்கு என்கிறீர்களே?”

நல்ல கேள்வி. வகுப்பில் இப்படி ஒருவன் கேட்டால் நாம் மதிப்பெண் கொடுத்திருப்போம். பதில் இதுதான்: எஞ்சினீயர் தேர்ந்தெடுத்தது பிடிப்புக் குறைந்த புது டயரை, காய்ந்துபோன கிழட்டு டயரை அல்ல. புதியது நழுவுமுன் எச்சரிக்கும், கிழடு எச்சரிக்காது. அதற்காகப் பந்தய மைதானத்துக்கென்று செய்த, மிக ஒட்டுகிற டயரைப் போட வேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. அது சூடேறினால்தான் பிடிக்கும். ஜூன் மாதக் காலைக் குளிரிலும் மழையிலும் கை கொடுக்காது. மேலும் அந்தப் பிடிப்புக்கு எல்லை காண அபாயகரமான வேகத்தில் போக வேண்டியிருக்கும். ஆகவே தொழிற்சாலை வைத்த அதே 215/45, 17 அங்குல அளவில், ஈர ரஸ்தாவில் நன்றாக நிற்கும் நடுத்தர ரகம். நாலும் ஒரே ரகமாக, ஒரே நாளில்.

டயர் போட்ட கையோடு வீல் அலைன்மெண்டும் செய்யச் சொன்னோம். இந்த வண்டியின் முன்சக்கரங்கள் அநேகமாக நேர்நிமிர்ந்து நிற்பதால், திருப்பங்களில் டயரின் வெளி விளிம்பு சீக்கிரம் தேய்கிறது. ஒரு விசேஷ போல்ட் போட்டு மேற்புறத்தைச் சற்று உட்சாய்த்தால் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடிக்கும். சில்லறைச் செலவு; பலன் அதிகம்.

நான்கு டயருக்கு ஏறக்குறைய ஆயிரம் டாலர், பிரேக் பேடுகளும் ஆயிலும் ஐந்நூறு, அலைன்மெண்டும் போல்ட்டும் இருநூற்றைம்பது ஆயின. அடுத்த மாதம் ஈஸ்டர்ன் கிரீக்கிலுள்ள ஸிட்னி மோட்டார் ஸ்போர்ட் பார்க்கில், ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நாள் ஒன்றுக்கும் பணம் கட்டினான். அங்கே தண்ணீர் தெளித்த தரையில், சறுக்கலைத் தடுக்கும் கருவியை அணைத்து, மனம் போல் வண்டியைச் சுழலவிட்டுத் திரும்பப் பிடிக்கக் கற்றான். மோதுவதற்கு அங்கே நடைபாதைக் கல் கிடையாது. மடியில் ரசத்தோடு தாயாரும் கிடையாது. சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து, கை எப்படிப் போகவேண்டும், கண் எங்கே பார்க்கவேண்டும் என்று தோசைக் கரண்டியை ஸ்டியரிங்காக வைத்துக்கொண்டு நமக்கே பாடம் நடத்தினான்.

தமக்கை இப்போது அந்த வண்டியில் ஏறுகிறாள். ரசத்தைத் தூக்கில் எடுத்து வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பையனிடம் இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியிருக்கிறது. சூப்பர்சார்ஜரைப் பட்டியலிலிருந்து தானாகவே அடித்துவிட்டான். புகைக்குழாய் மட்டும் இருக்கிறது. போன வாரம் ஒரு குழாயின் படத்தை அனுப்பி, “இது எப்படி, மாமா?” என்று கேட்டிருந்தான். அதில் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நாம் திருப்பிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.