எட்டு மணி நேரக் கெடு

பழ ஈ மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதன் வயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் 'இது பெண், இன்னும் இணை சேரவில்லை' என்று சொல்லத் தெரிந்தால்தான் பெங்களூரின் ஓர் ஆய்வகத்தில் ஒருவரை வேலைக்கு ஆனவராக மதிப்பார்கள். விருதுநகர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, முதுகலை விலங்கியல் முதலாண்டு, கோடைப் பயிற்சிக்கு அங்கே வந்திருந்தாள். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் இரண்டு மாத உதவித்தொகை. அவள் கை வேலை செய்வதைப் பார்க்கத்தான் போனேன்.

நுண்ணோக்கியின் கீழே ஒரு வெள்ளைப் பலகை. அதன் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு கசிகிறது. குப்பியைக் கவிழ்த்துத் தட்டியதும் ஈக்கள் மயங்கிக் கிடக்கின்றன. ஓவியத் தூரிகை ஒன்றால் அவற்றை இடமும் வலமுமாக ஒதுக்குகிறாள். ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்கும். முன்னங்காலில் சீப்புப் பற்கள்போல் ஒரு மயிர்வரிசை உண்டு. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பெண் வெளிறி, உப்பிப்போயிருக்கும். தோல் வழியே கரும்பச்சைப் பொட்டு ஒன்று தெரியும். அந்தப் பொட்டைத் தேடித்தான் இத்தனை பாடும்.

பெண் ஈ ஒருமுறை இணைந்துவிட்டால் போதும், விந்தை உடம்புக்குள் சேமித்துவைத்துப் பல நாள் முட்டையிடும். அப்படி ஒன்று தப்பிக் குப்பிக்குள் நுழைந்தால் பிறக்கும் குஞ்சுகளுக்குத் தகப்பன் யார் என்றே தெரியாது. பல வாரக் கலப்பு வீண். நல்லவேளையாக, 25 டிகிரி வெப்பத்தில் புதுப்பெண் சுமார் எட்டு மணி நேரம் ஆணை அண்டவிடாது. அதனால் காலையில் வந்ததும் வளர்ந்த ஈக்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, கெடு முடியும் முன் திரும்பிவந்து புதியவற்றைப் பிரிக்க வேண்டும். இரவில் குப்பிகளை 18 டிகிரி அறைக்கு மாற்றிவிட்டால் ஈயின் வளர்ச்சியே மெதுவாகி, கொஞ்சம் தூங்கக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கணக்குத்தான். சினிமாவுக்குப் போனாலும் இடைவேளையோடு எழுந்து வர வேண்டியதுதான்.

"ஈ பிடிக்கவா அவ்வளவு தூரம் போன?" என்று அப்பா போனில் கேட்டாராம். கேள்வியில் தப்பில்லை. இரண்டு மாதத்தில் கண்டுபிடிப்பு எதுவும் வந்துவிடாது, முட்டை ஈயாக வெளிவரவே பத்து நாள் ஆகிறது. கல்லூரியில் படம் வரைந்து பாகம் குறித்த பூச்சியை இங்கே கையால் அறிகிறாள். மயங்கிய ஈக்களைப் போட்ட குப்பியை அவள் நிமிர்த்தி வைப்பதில்லை, படுக்கவைக்கிறாள். நிமிர்த்தினால் கீழேயுள்ள ஈர உணவில் ஒட்டிச் செத்துவிடும். இதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் வரும்.

அந்த உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கீழ்த்தளத்துச் சமையலறைக்கு அழைத்துப்போனாள்.

அங்கே பெரிய பாத்திரத்தில் கடல்பாசி அகர் கொதித்துக்கொண்டிருந்தது. தருமபுரிப் பக்கத்து அம்மா ஒருவர் கரைத்த மக்காச்சோள மாவை ஊற்றிக் கிண்டினார். சர்க்கரையும் ஈஸ்டும் அடுத்தடுத்துப் போயின. பூஞ்சையைத் தடுக்கும் புரோப்பியானிக் அமிலம் மட்டும் கடைசியில்தான். சூட்டோடு ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், மூக்கும் எரியும். வெப்பமானி சுவரில் தொங்கியது. அவர் பாத்திரத்தின் விளிம்பருகே புறங்கையைக் கொண்டுபோனார். "இன்னும் ஆகல" என்றார். உணவு இளகினால் ஈ ஒட்டும், இறுகினால் கண்ணாடியைவிட்டு விலகிப் புழு காயும். வார்த்த குப்பிகளை உடனே அடைக்கக் கூடாது. மெல்லிய துணி போர்த்தி ஈரம் வற்றிய பிறகே பஞ்சு வைக்க வேண்டும். துணி விலகினால் அறையில் சுற்றும் ஈ ஏதாவது முட்டையிட்டுவிட்டுப் போகும்.

பழ ஈயை மரபியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹன்ட் மார்கன். 1910இல் வெள்ளைக் கண் ஈ ஒன்றைக் கண்டதிலிருந்து தொடங்கி, 1933இல் நோபல் வரை போனார். பால் பாட்டில்களில் ஈ வளர்த்த அந்த அறையில் பாட்டில் கழுவச் சேர்ந்த மாணவன் கால்வின் பிரிட்ஜஸ். கழுவப்போன பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே கண் நிறம் மாறிய ஈயைப் பார்த்துச் சொன்னதால், மார்கன் அவனை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் பெரிய மரபியலாளர் ஆனான். இன்று பாட்டில் கழுவுகிறவருக்கும் நுண்ணோக்கியில் உட்காருகிறவருக்கும் நடுவே ஒரு மாடி இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் சமையலறைக்குக் கிடைப்பது, கிடைத்தால், கடைசியில் ஒரு வரி நன்றி. எனக்கு இது சரியாகப் படவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு தட்டுக் குப்பிகளைத் தனியாக எடுத்துவைத்தார்.

"கண்ணு, புது மூட்டை மாவு வந்திருக்கு. இது அதுல செஞ்சது. புழு செவுத்துல ஏறுறது முன்னப்பின்ன ஆச்சுன்னா வந்து சொல்லு. பழைய மாவையே கேட்டு வாங்கணும்."

மாணவி பேனாவை எடுத்துத் தட்டில் தேதியை எழுதினாள். "ஏழெட்டு குப்பி பழைய மாவுலயும் குடுங்கக்கா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"அது நேத்தே எடுத்து வெச்சாச்சு" என்றார் அவர்.