மங்கி குல்லாவும் மூச்சுக் கணக்கும்

டிசம்பர் 12

கணவருக்கு வங்கியில் மாற்றல். திருநெல்வேலியிலிருந்து ஊட்டிக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எல்கேஜி படிக்கும் மகன், எட்டு மாதப் பெண் குழந்தை. இந்த இரு பிள்ளைகளின் அம்மா நாட்குறிப்பு எழுத ஆரம்பித்ததே இங்கே வந்த பிறகுதான். முதல் வரியே புகார்: தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுகூட விழவில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் அது உருகிக் கிடந்தால்தான் அதிசயம்.

சாயங்காலம் தாவரவியல் பூங்கா பக்கத்திலிருக்கும் திபெத்தியர் கடைகளுக்குப் போய், இருப்பதிலேயே தடிமனான கம்பளி ஸ்வெட்டரைக் குழந்தைக்கு வாங்கினாள்.

டிசம்பர் 14

குழந்தையின் கழுத்தெல்லாம் செந்தடிப்பு. பக்கத்து வீட்டுப் படுக அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "கம்பளியை மேலுக்குப் படுற மாதிரியா போடுவாங்க? உள்ளே பருத்திச் சட்டை, அதுக்கு மேலே கம்பளி. தடியா ஒண்ணு வேண்டாம்மா, மெல்லிசா ரெண்டு மூணு போடுங்க." அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. சூட்டைக் காப்பது துணியைவிட, துணிக்கும் துணிக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் காற்றுதான். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றவும் வசதி.

டிசம்பர் 18

உறைபனி. தலைக்குந்தா பக்கம் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை. பூங்காவில் மலர்ச்செடிகளை கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைத்திருந்தார்கள். "செடிக்கும் ஸ்வெட்டராம்மா?" என்றான் பையன். கேள்வி சரிதான். மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குப் பறிகொடுத்துவிடுகிறது. நடுவே ஒரு மூடாக்கு இருந்தால் செடி கருகாமல் தப்பிக்கும். ஆனால், பொழுது ஏறியதும் தோட்டக்காரர்கள் அந்த மூடாக்கை எடுத்துவிடுகிறார்கள். அவள் அதை நோட்டில் தனியாக எழுதிவைத்தாள்.

டிசம்பர் 21

பிள்ளைகளின் ஆச்சி, அவளுடைய அம்மா, வந்துவிட்டார். பையில் சூடம், சாம்பிராணி, தேன், இரண்டு மங்கி குல்லா. வந்ததும் வராததுமாகப் பேத்தியின் விரலைத் தொட்டுப் பார்த்தார். "ஏட்டி, பிள்ளை கை ஐஸா இருக்கே!"

அன்று ராத்திரி குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ரஜாய். ஒரு மணிக்கு வீறிட்டு அழுதது. முகம் சிவந்து, தலைமுடி வேர்வையில் நனைந்திருந்தது. காய்ச்சல் என்று பயந்து விடிந்ததும் டாக்டரிடம் ஓடினார்கள். அவர் குழந்தையின் பிடரிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்துவிட்டு, உடுப்பில் பாதியைக் கழற்றச் சொன்னார். கைக்குழந்தைக்குக் கை கால் சில்லென்று இருப்பது இயல்பு. பிடரியோ வயிறோ கதகதப்பாக இருந்தால் போதும். கூடுதல் சூட்டைக் குழந்தை பெரும்பாலும் தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. அதனால் குல்லா வெளியே போகும்போது மட்டும். வீட்டுக்குள் தூங்கும்போது கூடாது. முகத்தில் சரிந்து விழக்கூடிய ரஜாயும் ஒரு வயது வரை வேண்டாம்.

குளிருக்குப் பயந்து நாம் செய்கிற வேலைகள் பலவேளை குளிரைவிட மோசம். இந்த வீட்டில் அதற்குச் சாட்சி நிறையவே கிடைத்தது.

டிசம்பர் 24

சூடச் சண்டை. தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது ஆச்சியின் வைத்தியம். "உனக்கும் அதைத்தான தேய்ச்சேன், செத்தா போயிட்ட?" என்றார். இதற்கு மகள் என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் சூடம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்; சிறு துண்டை விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கடைத் தைலத்திலும் சூடம் உண்டு, இரண்டு வயதுக்குள் ஆகாது. ஒரு வயது ஆகும்வரை தேனையும் நாக்கில் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும்.

சாம்பிராணிப் புகையும் வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. கரிச்சட்டியில் கணப்பு மூட்டி அறைக்குள் வைக்கலாம் என்று கணவர் சொன்னதும் படுக அக்காவே அதட்டினார். கதவடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள்.

டிசம்பர் 29

பையன் பள்ளி விடுமுறையோடு சளியையும் கொண்டுவந்தான், தங்கச்சிக்கும் பங்கு கொடுத்தான். சளிக்குக் காரணம் வைரஸ். சன்னலை அடைத்துவிட்டு ஐந்து பேர் ஒரே அறையில் ஒடுங்கினால் அதற்குக் கொண்டாட்டம்.

பழைய இருமல் சிரப்பு ஒன்று அலமாரியில் இருந்தது. அதை அவள் குப்பையில் போட்டாள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில், டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் மருந்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி மறக்கக்கூடியதா? கலப்படமே இல்லாவிட்டாலும் இரண்டு வயதுக்குள் இந்த மருந்துகள் தேவையில்லை. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால். அவ்வளவுதான்.

டாக்டர் சொல்லிக்கொடுத்தது மூச்சுக் கணக்கு. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைச் சற்றுத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

அன்றிரவு 44.

ஜனவரி 5

சளி இறங்குகிறது. ஒன்பதாம் மாத ஊசிக்கு நாள் குறித்து நர்ஸ் போன் செய்தார். தட்டம்மை ஊசியும், நியூமோகாக்கல் நிமோனியாவுக்கு எதிரான பிசிவி ஊக்கத் தவணையும் அதில் உண்டு. பிசிவியை நாடு முழுவதும் அரசே இலவசமாகப் போடத் தொடங்கியது 2021-இல். "இந்தக் குளிர்லயா ஊசி?" என்றார் ஆச்சி. குளிருக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றார் நர்ஸ்.

ஜனவரி 6

காலையில் நோட்டைத் திறந்தால் அவள் எழுதாத ஒரு வரி. கோணல் கோணலான, பென்சில் எழுத்து. ராத்திரி செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு ஆச்சி உட்கார்ந்திருக்கிறார்.

"மூணு மணி பத்து. முப்பத்தெட்டு. குல்லா போடல."