கயிற்றை இழுக்க வெட்கப்படலாமா?

என் வாப்பா முத்துக் குளித்தவர்கள். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டு நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர்களுள் அவர்களும் ஒருவர். வைப்பாறு கடலோடு கலக்கும் கீழவைப்பாரில், மஃரிபுக்குப் பின் வீட்டு முற்றத்தில் அமர்ந்து அவர்கள் சொன்ன கடற்கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

கல்லில் காலை ஊன்றிக் கடலின் அடியில் இறங்குவார்களாம். கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவர் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது அந்தக் கயிற்றை ஓர் அசை அசைத்தால் போதும், மேலே இருப்பவர் இழுத்துக் கொள்வார். "கயிற்றை இழுக்க வெட்கப்பட்டவன் கரை திரும்பமாட்டான், மகளே" என்பார்கள் வாப்பா. அன்று அது எனக்கு வெறும் கடற்கதையாகவே இருந்தது. அதன் பொருள் விளங்க எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

சகோதரிகளே! என் வாழ்வில் நான் செய்த ஒரு பிழையையும், மீண்டும் செய்யவிருந்த அதே பிழையிலிருந்து அல்லாஹ் என்னைக் காத்ததையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். நம் இல்லங்களில் எங்கேனும் ஒரு பிள்ளைக்கு இது பயன்படக்கூடும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. இலங்கைத் தீவு அரணாக மறைத்து நின்றதால் எங்கள் மன்னார் வளைகுடாக் கரை பேரழிவுக்குத் தப்பியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரம் உயிர்கள் போயின. அங்கே வாப்பாவையும் தங்கையையும் இழந்த ஒரு சிறுவன், தன் உம்மாவுடன் எங்கள் பகுதியிலிருந்த உம்மம்மா வீட்டிற்கு வந்து சேர்ந்தான். நான் அப்போது ஆசிரியை. ஏழாம் வகுப்பில் என் முன்னே அமர்ந்திருந்தான்.

கேட்டால் பதில் சொல்லமாட்டான். எந்நேரமும் சன்னலையே பார்த்துக் கொண்டிருப்பான். காற்று பலமாக வீசினால் காதுகளைப் பொத்திக் கொள்வான். ஒருநாள் இடி இடித்தபோது வகுப்பிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். பிள்ளைகள் சிரித்தனர். நான் அவர்களை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. "இவ்வளவு பெரிய பையனுக்கு வெட்கமாயில்லை?" என்று அவனைத்தான் கேட்டேன்.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதன்பின் வரவேயில்லை. சென்னையில் ஏதோ ஓர் உணவு விடுதியில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதே மாதங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர்கள், ஆழிப்பேரலை பாதித்த கரைகளில் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் மனக்காயம் பட்ட பிள்ளைகளை அணுகும் முறை குறித்துப் பயிற்சி அளித்துக் கொண்டிருந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காலம் ஓடியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை அது. திருவைகுண்டம் நிலையத்தில் இரயில் நின்றுபோய்ச் சுமார் 800 பயணிகள் தவித்தனர். தாமிரபரணி கரை புரண்டதில் ஏரல் தனித் தீவானது. என் தங்கையின் குடும்பம் அந்த ஏரலில்தான் இருந்தது.

நள்ளிரவில் வீட்டுக்குள் நீர் புகுந்தது. மின்சாரம் இல்லை. படுக்கையில் கிடந்த முதிய வாப்பும்மாவைத் தங்கையும், அவள் கணவரும், பதினோராம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த அவர்கள் மகளுமாகத் தூக்கி மாடியேற்றினர். இரண்டு நாட்கள் நனைந்த துணியோடும், ஒரு பொட்டலம் ரஸ்க்கோடும் காலம் தள்ளினர். பத்து நாட்கள் கழித்து அந்த வாப்பும்மா காய்ச்சலில் வபாத்தானார்கள்.

வீட்டைச் சீரமைக்கும் வரை பிள்ளையைக் கீழவைப்பாருக்கு என்னிடம் அனுப்பி வைத்தார்கள். முதல் சில வாரங்கள் அழுதாள், பயந்தாள். இது யாருக்கும் இயல்பே என்றிருந்தேன். ஆனால் மாதம் இரண்டாகியும் தீரவில்லை. குழாயில் நீர் விழும் ஓசைக்கே துள்ளி எழுவாள். இரவு முழுவதும் கைவிளக்கைப் பிடித்தபடி விழித்திருப்பாள். மாடிப்படி இருக்கும் எந்த வீட்டிற்கும் வரமாட்டேன் என்பாள். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை, புத்தகத்தைத் திறந்து வைத்துக் கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்திருப்பாள். தலைவலி, வயிற்றுவலி என்று நாளும் ஒரு குறை.

நாங்கள் செய்தது என்ன? "சபர் செய்யம்மா" என்றோம். "ஈமான் உள்ள பிள்ளை இப்படிக் கலங்கலாமா?" என்றோம். ஓதிப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம். மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று நான் மெல்லக் கேட்டபோது, தங்கை என் வாயைப் பொத்தினாள். "ராத்தா, அந்தப் பேச்சை எடுக்காதீங்க. நாளைக்கு இவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?"

நானும் வாயை மூடிக் கொண்டேன். இதுவே என் இரண்டாவது பிழையாக ஆகியிருக்கும்.

ஒருநாள் தஹஜ்ஜுத் வேளையில் எழுந்தபோது அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தடவினேன். "காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் பெரியும்மா" என்றாள், மிக அமைதியாக. என் கண்முன் அந்த ஏழாம் வகுப்புச் சிறுவன் வந்து நின்றான். வாப்பாவின் குரலும் கேட்டது. பிள்ளை கயிற்றை அசைத்துவிட்டாள். தோணியில் இருக்கும் நான் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறேன்?

விடிந்ததும் தங்கையையும் அவள் கணவரையும் வரவழைத்தேன். ஓதிப் பார்த்த ஆலிம்சாவிடமே போனோம். அவர்கள் சொன்னது எங்களை நாணச் செய்தது. "நோயை இறக்கிய இறைவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை அல்லவா? கால் ஒடிந்தால் மட்டும்தான் அது பொருந்துமா? நான் துஆச் செய்கிறேன், நீங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள்" என்றார்கள்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். யார் கண்ணிலும் படக்கூடாதென்று தங்கை முகத்தை முழுதாக மூடியிருந்தாள். அங்கே விசுப்பலகையில், எங்களுக்கு நன்கு தெரிந்த பெண்மணி ஒருவர் தம் மகனுடன் அமர்ந்திருந்தார். முதலில் ஒருவரையொருவர் பார்க்காதது போலத் திரும்பிக் கொண்டோம். சற்று நேரங்கழித்து அவரே எழுந்து வந்து தங்கையின் கையைப் பிடித்துக் கொண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை, அழுதார்கள்.

மருத்துவர் பிள்ளையிடம் தனியே பேசினார். அப்போதுதான் அந்த இரகசியம் வெளிவந்தது. மாடிப்படியில் ஏற்றும்போது வாப்பும்மாவின் கை ஒரு கணம் அவள் பிடியிலிருந்து நழுவி, நீரில் நனைந்துவிட்டதாம். "என்னால்தான் மௌத்தானார்கள்" என்று மூன்று மாதங்களாக அந்தச் சுமையைத் தனியே சுமந்திருக்கிறாள். நாங்கள் "சபர் செய்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும், அதைச் சொல்ல எடுத்த வாயை அவள் மூடிக் கொண்டிருக்கிறாள்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் கதையன்று. சீன நாட்டின் சிச்சுவான் மாநிலத்தில் 2008 மே 12 பிற்பகல், பிள்ளைகள் வகுப்பறைகளில் இருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் மாண்டனர். பள்ளிக் கட்டடங்கள் இடிந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் பலியாயினர். தப்பிய மாணவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: மனவேதனை மிகுந்திருந்தும் மருத்துவ உதவியை நாடியவர்கள் சிலரே. பெற்றோருக்குப் பாரமாகக் கூடாது, நாலு பேர் என்ன நினைப்பார்கள், தானே சரியாகிவிடும் என்பனவே அவர்கள் சொன்ன காரணங்கள். நம் வீட்டுப் பேச்சைக் கேட்பது போலில்லையா?

உதவி செய்யச் சென்றவர்களிடமும் குறையிருந்தது. குழு குழுவாக வந்தவர்கள் அதே கேள்விகளையே கேட்டு, ஆறாத புண்ணைக் கிளறிவிட்டுப் போனார்கள். தீக்கும் திருட்டுக்கும் அடுத்து, மனநல ஆலோசகர்களிடமிருந்தும் காத்துக் கொள்ள வேண்டும் என்று மக்கள் கேலி பேசும் அளவுக்கு அது போயிற்று. நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. அருகிருந்து கவனித்து, பேசும்போது செவிமடுத்து, தக்க உதவியோடு இணைத்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டின் சாரமும் இதுவே.

பேரிடருக்குப் பின் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தாமே தேறிவிடுகிறார்கள். உறக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல், படிப்பில் சரிவு, ஒதுங்கியிருத்தல் ஆகியவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மனநோய் மருத்துவம் நமக்கு அந்நியமானதா? ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் அஹ்மத் இப்னு தூலூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் வருகிறதென்று சொல்லி, அச்சம், துயரம், சினம் ஆகியவற்றிற்குப் பரிகாரம் கூறும் நூலை எழுதினார். மகனைப் பிரிந்த துயரில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைத் திருமறை கூறுகிறது. அதை ஈமானின் குறைவென்று யாரேனும் சொல்வோமா? அதே வேளையில், எங்கள் கரைக்கு அண்மையிலுள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி மாண்டதையும் நாம் மறக்கலாகாது. மருத்துவத்தை மறுத்து, மறைத்து வைப்பதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முத்துக்குளிக்கும் தோணிகளைச் சுறா அண்டாதபடி மந்திரம் ஓதுவோர் இருந்ததை, 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்துள்ளார். வாப்பாவின் காலத்திலும் ஓதுதல் இருந்தது. ஆனால் ஓதியாகிவிட்டது என்பதற்காகக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு எவரும் கடலில் இறங்கியதில்லை.

என் தங்கை மகள் முற்றிலும் குணமடைந்துவிட்டாள் என்று அழகாக முடிக்க எனக்கும் ஆசைதான். பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் பெருமழை நாளில் இன்றும் அவளுக்கு உறக்கமில்லை. முன்பு போல் இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பதில்லை என்பதே வேறுபாடு. எந்த நேரமானாலும் என்னை எழுப்பிவிடுகிறாள். மழை ஓயும் வரை இருவரும் விளக்கேற்றிப் பேசிக் கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிறுவனுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். எங்கேனும் அவன் இதைப் படிக்க நேர்ந்தால், வெட்கப்பட வேண்டியவன் அவனல்லன், அவன் ஆசிரியைதான் என்று அறிந்து கொள்ளட்டும். அவன் உள்ளத்திற்கும், நம் பிள்ளைகள் அனைவரின் உள்ளங்களுக்கும் வல்ல அல்லாஹ் அமைதியை அருள்வானாக. ஆமீன்.