நான் பூதங்களின் கட்சி



இந்த மாத சுவர்ப் பத்திரிகைக்கு "எனக்குப் பிடித்த வீரன்" என்று தமிழ் ஐயா தலைப்புக் கொடுத்தார். வகுப்பில் பாதிப் பேர் அப்துல் கலாம், நாலு பேர் பகத்சிங், ஒருத்தன் தோனி. நான் எழுந்து "கடோத்கஜன், ஐயா" என்றேன். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தது என்று இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். என் பட்டப்பெயர் பூதம். ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பெயர்தான். வரிசையில் கடைசி ஆள் நான், பெஞ்சில் மூன்று பேர் இடத்தில் உட்காரும் ஆளும் நான். பெயர் வைத்தவன் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. பூதங்கள் காட்டிக் கொடுக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடோத்கஜன் கதையை எனக்குச் சொன்னது எங்க ஆயா. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பாரதக் கூத்து அத்தனையும் மனப்பாடம். நம் திருவள்ளூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி விடிய விடிய கூத்து. அரக்கன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று முதலில் ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் பின்வரிசைக்கு வந்துவிடும். அடுத்த நிமிஷம் கட்டியங்காரன் அவரைப் பார்த்து ஏதோ கேலி செய்வான், அதே குழந்தைகள் சிரித்துக்கொண்டே முன்னே வந்துவிடும். பயமும் சிரிப்பும் ஒரே ஆளிடமிருந்து வருவது அர்ஜுனன் வேஷத்தில் கிடையாது. அர்ஜுனன் வந்தால் எல்லாரும் மரியாதையாகக் கொட்டாவி விடுவார்கள். (இது என் சொந்தக் கருத்து. ஐயா மன்னிக்கவும்.)

கடம் என்றால் குடம். மழ மழ என்று முடியில்லாத குடம் மாதிரித் தலை இருந்ததால்தான் அவனுக்கு அந்தப் பெயர். அப்பா பீமன், அம்மா இடும்பி. பிறந்த அன்றைக்கே ஆளாக வளர்ந்துவிட்டான். "நினைத்தால் வருவேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு காட்டிலேயே தங்கிவிட்டான். பாண்டவர்கள் எப்போது நினைத்தார்கள் தெரியுமா? வனவாசத்தில் மலையேற முடியாமல் திரௌபதி மயங்கி விழுந்தபோது. உடனே வந்தான், திரௌபதியைத் தோளில் தூக்கிக்கொண்டான், கூட வந்த அரக்கர்கள் மற்றவர்களைத் தூக்கிக்கொண்டார்கள். பத்ரி வரைக்கும் சுமந்தார்கள். அப்புறம் போர் வந்தபோது மறுபடி நினைத்தார்கள்.

ஆயா இந்த இடம் வந்தால் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "பாரம் தூக்கணும்னா மட்டும் கூப்புடுவாங்க இல்ல?" என்பாள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது நான் பால்வாடிப் பிள்ளை, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கடலோரக் குப்பங்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மாடியில் நின்றவர்களை எல்லாம் இறக்கிக் கொண்டு வந்தது மீனவர்கள்தான் என்று ஆயா இன்றைக்கும் சொல்வாள். வெள்ளம் வடிந்த பிறகு, அதே ஆட்கள் மீன்கூடையோடு பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னோட சட்டையை மோந்து பார்த்து "கவுச்சி" என்றவர்களும் இருக்கிறார்கள். போகட்டும்.

கடோத்கஜன் எப்படிச் செத்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சிரிப்பான விஷயம்.

"மாயா பஜார்" என்று ஒரு படம். 1957-ல் வந்தது. தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். கே.வி.ரெட்டி இயக்கியது. கறுப்பு வெள்ளைப் படமா என்று முகம் சுளிக்க வேண்டாம். நான் அப்பாவின் செல்போனில் மூன்று தடவை பார்த்துவிட்டேன், டேட்டா தீர்ந்து திட்டும் வாங்கினேன். எஸ்.வி.ரங்காராவ்தான் கடோத்கஜன். அந்த உடம்பு, அந்த மீசை, அந்தக் கதை (கையில் வைத்திருக்கும் கதையைச் சொல்கிறேன்). அவர் உடம்பைப் பார்த்த பிறகுதான் என் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை வந்தது.

கதை இதுதான். பலராமன் தன் பெண் வத்சலாவை அபிமன்யுவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பாண்டவர்கள் நாட்டை இழந்ததும் பேச்சு மாறி, துரியோதனன் மகன் லட்சுமணகுமாரனுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். பணம் இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் எப்படி மாறுவார்கள் என்பதற்கு நம் குப்பத்திலேயே உதாரணம் உண்டு, பெயர் சொன்னால் வீட்டில் அடி விழும். கடோத்கஜன் என்ன செய்கிறான்? போருக்குப் போகவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிப் போய்த் தன் இடத்தில் வைத்துவிட்டு, தானே வத்சலாவாக மாறி அந்தப்புரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்! அப்போது நடிப்பது சாவித்திரி. அழகான புடவை, நகை, பூ. ஆனால் நடை மட்டும் அரக்கன் நடை. யாரும் பார்க்காதபோது தொடையைத் தட்டி உறுமுவதும், யாராவது வந்தால் தலையைக் குனிந்து வெட்கப்படுவதும்... எங்க அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அருவாமனையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

கல்யாண மேடையில் மாப்பிள்ளை தங்கவேலு. பெண்ணின் கையைப் பிடித்தால் கை நசுங்குகிறது. பக்கத்தில் பார்த்தால் பயங்கர உருவம் தெரிகிறது, அதுவும் அவர் கண்ணுக்கு மட்டும். கத்தினால் மற்றவர்களுக்கு லட்சணமான பெண்தான் தெரிகிறாள். நடுவில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. ஊருக்கே சமைத்து வைத்த கல்யாண விருந்தை ரங்காராவ் ஒற்றை ஆளாகத் தின்று தீர்ப்பார். லட்டுகள் தட்டிலிருந்து தானாகவே கிளம்பி வரிசையாக அவர் வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதை எப்படி எடுத்தார்கள் என்று அறிவியல் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்த வத்சலா கல்யாணம் வியாசர் எழுதிய பாரதத்திலேயே இல்லையாம். ஜனங்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. பாரதத்தில் கடோத்கஜனுக்குக் கிடைக்காத விருந்தை ஜனங்கள் போட்டுவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் படத்தைத் தயாரித்தவர்கள் நாகிரெட்டி, சக்கரபாணி. அதே இரண்டு பேர்தான் 1947 ஜூலையில் "அம்புலிமாமா" பத்திரிகையையும் ஆரம்பித்தவர்கள். அது 2013 வாக்கில் நின்றுவிட்டது. பழைய பேப்பர் கடையில் எனக்கு ஐந்து இதழ் கிடைத்தது, அட்டை இல்லாமல். அதில்தான் என் இரண்டாவது நண்பன், வேதாளம்.

விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லும், கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், ராஜா கையில் கத்தி, தோளில் வேதாளம், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். சங்கர் ஐயா 2020-ல் காலமானார்.

பழைய வடமொழிப் புத்தகத்தில் மொத்தமே 25 கதைதான். அம்புலிமாமாவில் அது தீர்ந்த பிறகும் மாதாமாதம் வேறு கதைகளை வேதாளத்தின் வாயில் போட்டு ஓட்டினார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 12, ஐம்பது வருஷம் என்று வைத்தால் 600. அறுநூறு தடவை மரம் ஏறி இறங்கின ராஜாவுக்கு முதுகுவலி வந்திருக்காதா? ஆனால் பழைய கதையின் முடிவு யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை. அந்தப் பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சாமியார் ராஜாவைப் பலிகொடுக்கத் திட்டம் போட்டிருந்தான். அதை முன்கூட்டியே சொல்லி ராஜாவின் உயிரைக் காப்பாற்றுவது யார்? வேதாளம்! காவி கட்டியவன் வில்லன், தலைகீழாகத் தொங்கியவன் நல்லவன்.

நம் ஊர்ப் பக்கமும் ஆள் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கல்லறைத் தோட்டம் பார்த்திருப்பீர்கள். அவர்கள் 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றிடம் மணல் கடிகாரம், இன்னொன்றிடம் மண்டை ஓடு. என் தம்பி இரண்டாம் வகுப்பு. அந்த வாசலைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொள்வான். நான்தான் சொன்னேன், "டேய், அவங்க ரெண்டு பேரும் வாட்ச்மேன்டா. முன்னூறு வருஷத்துக்கு மேல சம்பளம் வாங்காம நிக்கிறாங்க, அதான் இளைச்சிப் போயிட்டாங்க." அன்றிலிருந்து போகும்போது வணக்கம் வைக்கிறான்.

அங்கே ஆரம்பித்ததுதான் நான் கட்டிவிடும் கதை. என் பூதத்தின் பெயர் குடமண்டை. கடோத்கஜனுக்குத் தூரத்துப் பேரன், பழவேற்காடு ஏரிக்கு அடியில் குடியிருக்கிறான். இதுவரை நடந்தவற்றில் சில:

குடமண்டை மீன்பிடிக்க ஆசைப்படுகிறான். ஊர்ப் பெரியவர்கள், "நம்ம ஏரியில பாடு முறை உண்டு, யார் எந்த இடத்துல என்னிக்கு வலை போடணும்னு கணக்கு. உன் முறை வர்ற வரைக்கும் உக்காரு" என்கிறார்கள். அவன் ஏரியிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் பொங்கி ரோட்டுக்கு வந்துவிட்டது. "எழுந்திருடா" என்றார்கள். எழுந்தான், ஏரி வற்றிப் போய் பூநாரைகள் எல்லாம் ஒற்றைக் காலில் நின்றபடி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வெயில் காலத்தில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது அல்லவா? கடல்தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது, படகு வெளியே போகாது, எங்கள் வீட்டில் அடுப்பும் சரியாக எரியாது. குடமண்டை இரண்டு கையாலும் மணலை அள்ளி முதுகுக்குப் பின்னால் போட்டான். அது நேராக ஒரு ஆயா காயவைத்த கருவாட்டின் மேல் விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் பயந்து, மணலை வாயால் ஊதினான். மணலோடு கருவாடும் பறந்து ஆந்திராவில் விழுந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போது எல்லாரும் கரையில் நின்று வேடிக்கை பார்ப்போம். அவன் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குள் முங்கிவிடுவான். பூதத்துக்கும் ஏதாவது ஒன்றுக்குப் பயம் இருக்க வேண்டும் என்று தம்பிதான் சேர்க்கச் சொன்னான்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்பா கடலுக்குப் போனார். விடியற்காலம் வர வேண்டிய படகு வரவில்லை. காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டே இருந்தது. செல்போன் அடித்தால் தொடர்பு இல்லை. அம்மா ஒன்றும் பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி தூங்காமல், "கடோத்கஜன் எப்படிண்ணா செத்தான்?" என்று கேட்டான். கேட்க வேறு நேரமே கிடைக்கவில்லை அவனுக்கு.

பாரதத்தில் பதினாலாம் நாள் போர் ராத்திரியும் நடந்தது. அர்ஜுனனைக் கொல்வதற்கென்றே கர்ணன் ஒரு சக்தி ஆயுதம் வைத்திருந்தான், ஒரே தடவைதான் வீசலாம். அன்று இருட்டில் கடோத்கஜன் அடித்த அடி தாங்காமல் அதை அவன் மேல் வீசிவிட்டான். சாகும்போதும் அவன் உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு எதிரிப் படை மேலேயே விழுந்தான். அர்ஜுனன் பிழைத்தான். இதை நான் அந்த ராத்திரி தம்பியிடம் சொல்லவில்லை. "சாகலடா. கர்ணன் வீசுனது மொட்டைத் தலையில பட்டு வழுக்கிடுச்சி" என்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. குடமண்டை இப்போது முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான், அப்பா படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் சொன்னேனோ தெரியாது. எனக்கே அதை நம்ப வேண்டியிருந்தது.

பகல் பதினொரு மணிக்கு அப்பா வந்தார். இஞ்சின் நின்றுபோய், வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. அம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டே அழுதாள். தம்பி மட்டும் யாரையும் கவனிக்காமல் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அன்று ராத்திரி மடவை மீன் குழம்பு. தம்பி தன் தட்டில் பாதியை எடுத்துப் போய் வாசலுக்கு வெளியே வைத்தான், குடமண்டைக்காம். காலையில் பார்த்தால் தட்டு கழுவின மாதிரி சுத்தமாக இருந்தது. "பூனை தின்னுட்டு போயிருக்கும்" என்று ஆயாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

ஆயா வெற்றிலையை மடித்தபடி, "பூனை ராத்திரி பூரா என் காலடியிலதான்டா படுத்திருந்துச்சி" என்றாள்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு, கடைசி பெஞ்ச்
(பக்கத்தில் ஒட்டியிருக்கும் குடமண்டை படத்துக்கு வண்ணம் தீட்டியது தம்பி. தலை பச்சையாக இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.)