மூடியைத் திறந்தால் கோபிக்காத பெட்டி

எண்பதுகளின் நடுவில் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்தது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்டது. 32 கிலோபைட் நினைவகம். எங்கள் பள்ளியில் அதற்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, சாவி கணக்கு வாத்தியாரிடம். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகத்தான் உள்ளே போக வேண்டும். பெட்டிக்கு மேல் துணி உறை வேறு. வீட்டுச் சாமி அறையில்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருந்தது தொட்டால் குற்றம் சொல்லும் சாமியே அல்ல. அதன் மூடியைப் பிடித்திருந்தவை நான்கு திருகாணிகள். எதைக் கழற்றுவது என்று தேட வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஃபிக்ஸ்’ என்று எழுதியிருக்கும். உள்ளே மென்பொருள் சிப்புகளைச் செருகக் காலி சாக்கெட்டுகள். அடிப்பக்கம் வரிசையாக இணைப்புகள்: நாமே செய்த மின்சுற்றை மாட்ட ‘யூசர் போர்ட்’, இன்னொரு பிராசஸரையே கொண்டுவந்து சேர்க்க ‘ட்யூப்’.

வாத்தியார் நல்ல மூடில் இருந்த ஒரு நாள், நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் 65 என்ற எண்ணைப் போடச் சொன்னார். போட்டதும் திரையின் இடது மேல் மூலையில் ஆங்கில ‘ஏ’ வந்து உட்கார்ந்தது. 66 போட்டால் ‘பி’. அடுத்த முகவரியில் போட்டால் அடுத்த எழுத்து. திரை என்பது நினைவகத்தின் ஒரு துண்டுதான் என்பது அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது, யாரும் விளக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் என்றதும் எங்கள் தலைமுறை உருகுவது 32 கிலோபைட்டுக்காகவோ, கேசட்டிலிருந்து நிரல் ஏறும்வரை காத்துக் கிடந்ததற்காகவோ அல்ல. ஒரு கருவியை அடிமுதல் நுனிவரை ஒரே ஆள் புரிந்துகொள்ள முடியும் என்றிருந்த காலம் அது. அதற்காகத்தான்.

திறந்த பெட்டியா மூடிய பெட்டியா என்ற சண்டை ஆப்பிள் கம்பெனிக்குள்ளேயே நடந்தது. 1977-இல் வந்த ஆப்பிள் டூவின் மூடி, கையால் தூக்கினாலே கழன்று வரும். உள்ளே எட்டு ஸ்லாட். பிரிண்டருக்கு ஒன்று, மோடமுக்கு ஒன்று, இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டுதான் என்று பிடிவாதமாக நின்றார் ஸ்டீவ் வாஸ்னியாக். அடுத்த ஆண்டு வந்த கையேட்டில் மின்சுற்று வரைபடத்தோடு, கருவிக்குள்ளேயே இருந்த ‘மானிட்டர்’ என்ற அடிப்படை நிரலையும் வரிவரியாக அச்சடித்துக் கொடுத்தார்கள். 1984-இல் மேகின்டாஷ் வந்தபோது ஜாப்ஸ் நினைத்தது நடந்தது. ஸ்லாட் ஒன்றுகூட இல்லை. திறக்க வேண்டுமானால் நீளமான டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அப்படித் திறந்தால், அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகள் பெட்டியின் உள்சுவரில் வார்க்கப்பட்டிருக்கும். வாங்கியவர் பார்க்கவே கூடாத இடத்தில் கையெழுத்து! அந்தச் செருக்கிலும் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

மூடிய பெட்டியை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கடிதம் அடிக்கவும் படம் வரையவும் வாங்கியவருக்கு ஸ்லாட்டால் என்ன லாபம்? ஆளுக்கொரு கம்பெனியின் கார்டுகளைச் செருகிவிட்டு, எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பி.சி.யில் எனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. 1981-இல் ஐபிஎம் கம்பெனி, கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே பி.சி.யைக் கட்டி, வரைபடத்தையும் பயாஸ் நிரலையும் புத்தகமாகவே விற்றது. அந்தத் தெருவின் அசெம்பிள் வியாபாரம் அங்கிருந்துதான் கிளைத்தது. இத்தனை தலைவலிக்குப் பிறகும் என் ஓட்டு திறந்த பெட்டிக்கே. தலைவலி போய்விட்டது, கற்றது போகவில்லை.

ஏகார்னில் பிபிசி மைக்ரோவுக்கு பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும் அவருடைய சகா ஸ்டீவ் ஃபர்பரும் பிறகு சொந்தமாக ஒரு பிராசஸரை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தது. அதை மாட்டி ஓட்டிப் பார்க்க அவர்கள் பயன்படுத்தியது பிபிசி மைக்ரோவின் அந்த ‘ட்யூப்’ இணைப்பைத்தான். சிப்பின் பெயர் ஆர்ம். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனை இயக்குவது அதன் வாரிசு. பேட்டரியை மாற்றக்கூட சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய, ஒட்டி மூடிய பெட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் ஊர்ப் பள்ளியின் சாமான் அறையில் பழைய பிபிசி மைக்ரோ ஏதாவது கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆசையில் உடனே பிளக்கில் சொருகவும் வேண்டாம். மின்சாரம் உள்ளே வரும் பகுதியில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகிப்போய், கரண்ட் கொடுத்ததும் வெடித்துப் புகை விடுவது இந்த மாடலில் சகஜம். விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து அவற்றை மாற்றிவிட்டு, அதன்பிறகு போட்டுப் பாருங்கள்.