நூறு மீட்டர் தள்ளி

பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர்ப் பக்கம் போகிற சாலையில் லாரிப் புழுதி அடங்குவதே இல்லை. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் சீமைக்கருவேலம் புதர். அதற்கு நடுவே வட்டமாகக் கற்கள். உளி படாத உருண்டைப் பாறைகள், முழங்கால் உயரம். சில, மண்டை மட்டும் தெரியப் புதைந்திருக்கின்றன. வட்டத்துக்குள் சரளைமேடு. ஒரு கல்லில் ஆடுகள் உரசி உரசி ஒரு பக்கம் வழவழப்பாகிவிட்டது. உரசிய உயரத்தில் வெள்ளை மயிர் ஒட்டியிருக்கிறது.

இரும்புக்காலத்துப் புதைகுழி இது. இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட குழிகளைத் தோண்டியபோது கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் கறுப்பு சிவப்புப் பானைகளும் இரும்புச் சாமான்களும் கிடைத்திருக்கின்றன. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அப்படியொரு பேழையைக் கண்டெடுத்தார். அதே பல்லாவரத்தில்தான், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் கையில் பழைய கற்காலக் கருவி அகப்பட்டது. அதன் வயதுக்கு முன் இந்த வட்டம் நேற்றுப் பிறந்த பிள்ளை.

பிரான்ஸின் கார்னாக் கடலோரத்தில் 3,000-க்கும் மேற்பட்ட கற்களை வரிசையாக நட்டார்கள். நம்மவர்கள் வட்டம் போட்டார்கள். கார்னாக் 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இங்கே தொல்லியல் துறையின் நீலப் பலகை நிற்கிறது. அதன் முதுகில் பையன்கள் கரியால் மூன்று கோடு இழுத்து ஸ்டம்பாக்கியிருக்கிறார்கள்.

கார் ஒன்று வந்து நின்றது. புரோக்கர் முதலில் இறங்கினார், பின்னால் கணவனும் மனைவியும்.

"இன்னா கல்லுங்க இது?"

"அது கவர்மென்ட் கல்லு சார். நம்ம சைட் அந்தாண்ட. நூறு மீட்டர் தள்ளிதான் கட்டணும்னு ரூல். நம்முது தள்ளியே இருக்கு."

பலகையிலிருந்து நேராக எட்டு வைத்து நடந்து காட்டினார். நூறு மீட்டருக்குள் கட்டவே கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-இல் திருத்திய சட்டம் சொல்வது அது. பின்பாதி புரோக்கர் வாயில் வரவில்லை.

அந்தம்மாள் நகரவில்லை. ஆடு ஓட்டிவந்த கிழவியிடம் கேட்டார்.

"பாண்டவங்க குழிம்மா. உள்ள ஆள பொதச்சிருக்காங்கோ. வெளக்கு வச்ச பொறவு நாங்க இந்தப் பக்கம் வரமாட்டோம்."

"சுடுகாடா?"

"ஐயோ மேடம், அது ஆச்சு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல!" புரோக்கர் ஓடிவந்தார். "அப்ப ஊரே கெடையாது. சி.எம்.டி.ஏ. அப்ரூவல் பேப்பர் கார்லயே இருக்கு, காட்டட்டுமா?"

அந்தம்மாள் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் கல்லைப் பார்த்தார், சைட்டைப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சுடுகாட்டுக்குப் பக்கம்னா, சதுர அடிக்கு இன்னும் இருநூறு கொறச்சுக்கலாமே?"