சோலனில் ஒரு சுவைத் தேர்வு

தில்லியில் வாழும் நம்மவர் பலரும் கோடை விடுமுறையில் சிம்லா சென்று வருவதுண்டு. வழியிலுள்ள சோலனில் இறங்கித் தங்குபவர் மிகச் சிலரே. சென்ற வைகாசித் திங்களில் நானும் என் மனைவியும் அவ்வாறு இறங்கித் தங்கினோம். மதுவை ஒரு நாளும் தொடாதவனாகிய நான் அங்கே பியருக்கு மதிப்பெண் இட்டேன் என்று சொன்னால், என்னை அறிந்த சங்க அன்பர்கள் நம்ப மாட்டார்கள். ஆயினும் அது நடந்தது.

இரவு வண்டியில் புறப்பட்டு விடியற்காலையில் கால்கா சேர்ந்தோம். அங்கிருந்து சிம்லா வரை 96 கிலோமீட்டர். 1903இல் திறக்கப்பட்ட இச்சிறு ரயில்பாதையின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 762 மில்லிமீட்டர்தான். நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களை நுழைந்து வண்டி மலையேறுகிறது. அவற்றுள் நீண்டதான பரோக் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். 2008இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. பரோக்கைக் கடந்தால் சோலன். அதை அடுத்து வரும் நிலையத்தின் பெயரே ‘சோலன் புரூவரி’. பியர் ஆலையின் பெயரைத் தாங்கி நிற்கும் ரயில் நிலையத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இந்த ஆலையின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எட்வர்ட் டயர் என்னும் ஆங்கிலேயர் கசௌலியில் தொடங்கிய ஆலையிலிருந்து வருவது. 1919இல் ஜாலியன்வாலா பாகில் நம் மக்களைச் சுடும்படி ஆணையிட்ட ஜெனரல் டயர் இவருடைய மகன். மலைக் குளிரும் ஊற்று நீரும் பியர் வடிக்க ஏற்றவை என்று கண்டே வெள்ளையர் இம்மலைகளை நாடினர். அதற்கு முன்பெல்லாம் அவர்களுக்குத் தேவையான பியர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. நெடும்பயணத்தில் கெடாதிருக்க, கைப்புத் தரும் ஹாப்ஸ் பூவை மிகுதியாகச் சேர்த்து அனுப்பினர். ‘இந்தியா பேல் ஏல்’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அவ்வாறு வந்ததே.

எங்களை வரவேற்ற நண்பர் தஞ்சைப் பக்கத்தவர். வேறோர் ஊரில், ஒரு பியர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இப்போது சோலனில் மகனுடன் இருக்கிறார். மாலையில் அவர் மேசைமீது டின்களில் அடைத்த ஏலும் கண்ணாடிக் குவளைகளும் எடுத்து வைத்தபோது நான் எழுந்துவிட்டேன்.

“உட்காருங்கள் சார், குடிக்கச் சொல்லவில்லை. உங்கள் மூக்கு மட்டும் போதும்” என்றார் அவர்.

பின்னர் அவர் சொன்னவை யாவும் எனக்குப் புதியவை. டின்னில் அடைத்த பியர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1935 ஜனவரியில், அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில். அன்று வந்த இரண்டு வகைகளுள் ஒன்று ஏல். டின் என்பது பழக்கத்தால் வந்த பெயர்; இன்றைய டின் பெரும்பாலும் அலுமினியம். உள்ளே மெல்லிய பூச்சு உண்டு. ஆதலால் உலோகம் பானத்தைத் தொடுவதில்லை. ஒளி பட்டால் ஹாப்ஸிலுள்ள பொருள்கள் மாறிக் கெடுநாற்றம் பிறக்கும். டின்னில் அந்தக் கேடு இல்லை. ஆனால் வெப்பத்தை டின் தடுக்காது.

“டின்னிலிருந்தே குடித்துவிட்டுத் தகர வாடை என்பார்கள். அது வாயருகே உள்ள மூடியின் வாடை. குவளையில் ஊற்றாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது” என்றார். குவளையில் சோப்பின் எச்சம் இருந்தால் நுரை நிற்காது. பானம் பனிபோல் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. மென்மையானதை முதலிலும் கைப்பு மிகுந்ததை இறுதியிலும் சோதிக்க வேண்டும். இடையில் வெறும் ரொட்டியும் நீரும் கொள்ள வேண்டும். இவை சுவைஞரின் விதிகள்.

பியர் நடுவர்களுக்கென்று அமெரிக்காவில் 1985இல் தோன்றிய அமைப்பு ஒன்று மதிப்பெண் முறை வகுத்திருக்கிறது. மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமைக்கு 10. “ஆகவே ஒரு துளி பருகாமலே நீங்கள் பதினைந்து மதிப்பெண்ணுக்கு நடுவர் ஆகலாம்” என்று நகைத்தார்.

ஒரே வகை ஏலில் இரண்டு டின்கள். ஒன்று குளிர்பெட்டியில் இருந்தது. மற்றது கோடை முழுவதும் சமையலறைப் பரணில் கிடந்தது. என்னைத் திரும்பி நிற்கச் செய்து மூன்று குவளைகளில் ஊற்றினார். இரண்டில் ஒரே டின்னின் ஏல். ஒன்றில் மட்டும் மற்றது. வேறானது எது என்று கூற வேண்டும். பியர் ஆலைகளிலேயே வளர்ந்த சோதனை இது. நான் மோந்து பார்த்தேன். இரண்டில் ஆரஞ்சுத் தோலின் மணம் எழுந்தது. மூன்றாவதில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. அதைச் சுட்டினேன்.

“சரிதான். ஆனால் மூன்றில் ஒன்று தற்செயலாகவும் அமையலாம்” என்று குவளைகளை மாற்றி மாற்றி மேலும் இருமுறை வைத்தார். மூன்று முறையும் நான் தவறவில்லை. தற்செயலாக அவ்வாறு நிகழ 27இல் ஒரு வாய்ப்பே உண்டு. “இவ்வளவு கூரிய மூக்கை எங்கே சம்பாதித்தீர்கள்?” என்று வியந்தார்.

அதற்கு நான் உடனே மறுமொழி கூறவில்லை. நான் சேலத்துக்காரன். 1937இல் நாட்டிலேயே முன்னோடியாக மதுவிலக்கு வந்த மாவட்டம் அது. அதன் பிறகு வீடுகளில் அடுப்பு அணையாமல் எரிந்ததை என் பாட்டி வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாள். 1971இல் விலக்குத் தளர்ந்து கடைகள் திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. தறியிலிருந்து இறங்கிய என் தந்தை நேரே வீடு வருவது நின்றது. இரவில் கதவு திறந்ததும் காற்றோடு வரும் நெடியைக் கொண்டே, அன்று அவர் எவ்வளவு குடித்திருக்கிறார், தம்பியை எழுப்பிக்கொண்டு பாட்டி வீட்டுக்கு ஓட வேண்டுமா, பாயிலேயே அசையாமல் கிடந்தால் போதுமா என்று நான் முடிவு செய்வேன். ஒருநாளும் தவறியதில்லை. தவறினால் அடி என் தாய்க்கு.

இதைச் சொல்லி முடித்தபோது என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அவளிடமும் நான் இதைக் கூறியதில்லை. நண்பர் குவளைகளை அகற்ற எழுந்தார். “வேண்டாம், இருக்கட்டும். மதிப்பெண் போட்டுவிடுவோம்” என்றேன்.

அப்போது என் உள்ளத்தில் அச்சம் இல்லாததை நானே உணர்ந்தேன். பொன்னிறப் பானம், வெண்ணுரை, பழத்தோல் மணம். அதில் குறை எது, நிறை எது என்று அமைதியாகப் பார்க்க முடிந்தது. புதிய டின்னுக்கு மணத்தில் 9, தோற்றத்தில் 3 இட்டேன். பழையதற்கு மணத்தில் 4. நண்பரும் தம் தாளில் எழுதினார். அந்த வகை அவருக்கு மிகவும் விருப்பமானதாம். எனினும் பரணில் கிடந்த டின்னுக்கு அவர் மொத்தத்தில் பாதிகூட வழங்கவில்லை. “பிடித்தது வேறு, நல்லது வேறு சார். அதைப் பிரித்தறிவதுதான் எங்கள் வேலை” என்றார்.

என் கொள்கையில் மாற்றமில்லை. சுவைக்கும் முழுமைக்கும் உரிய கட்டங்களை வெறுமையாகவே விட்டுவந்தேன். நம் இளைஞர்கள் எவரும் இதைப் படித்துவிட்டு டின்னைத் தேடிச் செல்ல வேண்டியதுமில்லை. ஆனால் அஞ்சி ஓடிய ஒன்றை ஒருமுறை எதிரே அமர்ந்து பார்த்து வந்ததில் நெஞ்சின் பாரம் சற்றுக் குறைந்தது.

மறுநாள் சிம்லா வண்டியில் ஏறினோம். சோலன் புரூவரி நிலையம் வந்தபோது என் மனைவி சன்னலை மூடப் போனாள். “திறந்தே இருக்கட்டும்” என்றேன்.